செம்பாட்டு மண்ணில் ஒரு மொறிஸ் மைனர்

மொறிஸ் மைனரின் பொனட்டில் நடுவே நீளத்துக்கும் தட்டையான பட்டையொன்று ஓடும். அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அவசரத்தில் போட்ட ஓர் ஒட்டு. உற்பத்திக்கான ஏற்பாடுகள் எல்லாம் முடிந்துகொண்டிருந்த நேரத்தில், காரின் அகலம் போதாது என்று வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸுக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் விலகியதும் போதும் என்றார். அதற்கு முன்பே அடித்து வைத்திருந்த பம்பர்களை என்ன செய்வது? அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து மூடினார்கள். தொடக்ககால மைனர்களின் பம்பரில் அந்தத் துண்டை இன்றும் பார்க்கலாம்.

அப்படி வெட்டி ஒட்டிப் பிறந்த கார் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்தது. கம்பனியின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு அதைக் கண்ணிலும் காட்டக் கூடாது. ஓட்டை உடைத்து வெந்நீரில் விட்ட முட்டைபோல இருக்கிறது என்றாராம். 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளியே வந்தது. அதற்கு முன் எந்தப் பிரித்தானியக் காரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் ஏறக்குறைய 16 இலட்சம்.

அதில் ஒன்று யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்கு வந்தது.

எங்கள் அப்பப்பா அப்போதிக்கரி. இரவில் சைக்கிளில் போய் நோயாளி பார்த்துக் களைத்தவர் 1958 தொடக்கத்தில் வாங்கிய கார் அது. நான்கு கதவு, 948 சிசி எஞ்சின், கிளாரண்டன் சாம்பல் நிறம். அதற்கு முந்திய மைனர்களில் முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். 1956 கடைசியில் ‘மைனர் 1000’ வந்தபோதுதான் அது ஒரே கண்ணாடியானது. திரும்புவதற்கு முன் கதவுத் தூணிலிருந்து கைபோல வெளியே நீளும் சமிக்ஞைப் பலகை மட்டும் இன்னும் சில வருடங்கள் இருந்தது. எங்கள் காரில் வலப்பக்கத்துக் கை வெளியே வந்தால் உள்ளே போகாது, தட்டித்தான் அனுப்ப வேண்டும்.

வந்த சில மாதங்களிலேயே அரசியலும் அதன் மேல் ஏறியது. அதுவரை இலங்கை வாகனங்களின் இலக்கத்தகட்டில் இருந்தவை, சிலோன் என்ற பெயரிலிருந்து எடுத்துக் கோத்த ஆங்கில எழுத்துகள். 1957 முதல் அந்த இடத்துக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து, தமிழ் ஸ்ரீயை எழுதும் போராட்டத்தைத் தொடங்கியது. 1958 மார்ச், ஏப்ரலில் அது மறுபடி மூண்டது. தெற்கில் அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். மே மாதம் கலவரமே வெடித்தது. எங்கள் காரின் பின்தகட்டிலும் கொஞ்சக் காலம் தமிழ் ஸ்ரீ இருந்திருக்கிறது. யார் எழுதினார்கள், யார் அழித்தார்கள் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. பின்னாளில் தகட்டைச் சுரண்டியபோதுதான் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் தூரிகையால் இழுத்த அந்தச் சுழி வந்தது.

1960களில் அந்நியச் செலாவணி வற்றியதும் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிவிட்டது. 1977இல் கதவு திறக்கும்வரை நாட்டில் இருந்த கார்தான் கார். இங்கிலாந்தில் பத்து வருடத்தில் உடைப்புக்குப் போயிருக்கக்கூடிய மைனர்களையும் ஒஸ்ரின் ஏ40களையும் இங்கே வைத்து ஓட்ட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் பெருமையெல்லாம் இந்தக் காலத்தில் கட்டியதுதான். புதிய பாகம் வராது, ஆகவே லேத்தில் கடைந்தார்கள், புஷ் அடித்தார்கள், தேய்ந்ததற்கு வெல்டிங்கால் சதை வைத்து மறுபடி அராவினார்கள். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் மரையிட்ட ட்ரனியனுக்குக் கிறீஸ் வைக்க மறந்தால் ஒருநாள் சக்கரம் உள்ளே மடிந்து கார் மூக்குக் குத்தி உட்காரும். அப்பப்பா அதற்குக் கிறீஸ் வைக்கும் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். பூச்சைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக யாரும் சொன்னதில்லை.

கவலைப்பட்டவர் பெரியப்பா. எண்பதுகளில் கார் ஹயருக்கு ஓடியது, குறிப்பாகக் கலியாணங்களுக்கு. பெண் மாப்பிள்ளையை ஏற்றும் காரில் பொத்தல் தெரியக்கூடாது. ஆகவே சீசனுக்குச் சீசன், கதவுக்குக் கீழே பூச்சு கொப்பளித்த இடத்தைத் தட்டி, ஓட்டைக்குள் கம்பிவலையோ காகிதமோ திணித்து, கட்டலோய் பசையை அப்பி, உரஞ்சி, மேலே வெள்ளை அடித்துவிடுவார்கள். ஒரு வாரம் கண்ணைப் பறிக்கும். பசைக்கும் தகட்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி வந்ததும் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. இந்தக் காரின் வாழ்க்கையில் அதைக் கூடுதலாகத் தின்றது கடற்காற்றோ போரோ இல்லை, கலியாண வெள்ளைதான் என்பது என் கணக்கு.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியல் நீண்டது. புதுக் கார்கள் நின்றன. பழசுகள் மண்ணெண்ணெயில் ஓடின. இதைக் கேட்கும் வெளியூர்க்காரர் நம்புவதில்லை, ஆனால் காரணம் எளிது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூடான எஞ்சினில் ஆவியாகும். மைனரின் எஞ்சினில் கலவை உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் காபரேற்றருக்குக் கீழே ஒட்டியபடி இருக்கின்றன. குளிர்நாட்டில் பெற்றோல் நன்றாக ஆவியாக வைத்த சூடு, இங்கே மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. எஞ்சினின் அழுத்த விகிதமும் குறைவு, எட்டைச் சுற்றித்தான். அதனால் தட்டும் சத்தம் வந்தாலும் டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி அடக்கிவிடலாம்.

ஸ்ரார்ட் பண்ணுவதுதான் கலை. எயர் கிளீனரைக் கழற்றி, காபரேற்றரின் வாய்க்குள் ஒரு மூடி பெற்றோலை விட வேண்டும். பெற்றோல் அப்போது தங்கம். பெரியப்பா ஒரு சேலைன் போத்தலைப் பொனட்டுக்கு உள்ளே கொழுவி, அதன் குழாயைக் காபரேற்றருக்கு விட்டிருந்தார். நோயாளிக்கு ஏற்றும்போது சொட்டைக் கட்டுப்படுத்த இருக்கும் அதே சில்லை உருட்டி, எஞ்சின் பிடித்துச் சூடேறும்வரை பெற்றோலைச் சொட்டவிட்டு, பிறகு மூடுவார். வெண்புகை, கண்ணெரிச்சல், மேட்டில் இழுக்காது. ஆனால் ஓடும்.

மண்ணெண்ணெய்க்கு ஒரு விலை இருந்தது. எரியாத பகுதி பிஸ்ரனைத் தாண்டிக் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். மற்றக் கார்களில் ஒயில் அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருக்கும், மண்ணெண்ணெய்க் காரில் கூடியிருக்கும். நீர்த்துப்போன அந்த ஒயில் கிடைத்த வழியாலெல்லாம் ஒழுகியது. இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ஒயிலைத் தடுக்க இறப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய ஒரு மரை ஒயிலைத் திருப்பி அனுப்பும் என்ற நம்பிக்கைதான். ஐந்து வருடம் கறுத்த, மண்ணெண்ணெய் மணக்கும் ஒயில் அடித்தளமெங்கும் தெறித்து, தூசியோடு சேர்ந்து தோல்போல் படிந்தது. அந்த அழுக்கு செய்த நன்மை பிறகு தெரிந்தது.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் முன்னேற, வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இரவு. நாவற்குழிப் பாலத்தில் இலட்சக்கணக்கான சனம். கார் ஓடவில்லை, சனத்தோடு ஊர்ந்தது. உள்ளே கிழவிகளும் குழந்தைகளும், கூரையில் மூட்டைகளும். கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ் மாரி முழுவதும் நனைந்தபடி நின்று, அடுத்த வருடம் ஊர் திரும்பியது. 2002இல் ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து ஜப்பான் வான்கள் வந்தன. மைனரைக் கூப்பிட ஆளில்லை. பெரியப்பா அதைக் கொட்டிலுக்குள் விட்டு, தறப்பாளால் இறுக்கிப் போர்த்து வைத்தார்.

பாசத்தில் செய்ததுதான். ஆனால் காருக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. செம்பாட்டு மண் தரை ஈரத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். தறப்பாள் அதை வெளியே விடாது. பகலில் வெந்து இரவில் வியர்க்கும். வெட்டவெளியில் காற்றுப்படக் கிடந்திருந்தால் பூச்சுத்தான் போயிருக்கும், தகடு மிஞ்சியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணா, அதை வீட்டிலேயே திருத்துவதென்று இறங்கினார். முதலில் தரைக்குச் சீமெந்து போட்டார், காரில் கை வைத்தது பிறகுதான். வெல்டிங்குக்கு ஊரில் தகட்டு வேலை செய்யும் ஒரு வயதான ரிங்கர் பாஸை வீட்டுக்கே கூப்பிட்டார். பாஸ் கொண்டுவந்த முதல் ஆயுதம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம். துணியில் சுற்றி, காரின் பக்கத்தால் மெல்ல இழுத்துக்கொண்டு போனார். கதவுக்கு மேலே ஒட்டியது. கதவுக்குக் கீழே வந்ததும் கையோடு விழுந்தது.

“தம்பி, இதிலை தகடில்லை. முழுக்கக் கட்டலோய். நீங்களே வச்சுப் பாருங்கோ.”

இரண்டாவது ஆயுதம் ஸ்குரூ ட்றைவர். நல்ல தகட்டில் குத்தினால் டங்கென்று கேட்கும். கறள் பிடித்ததில் சத்தமில்லாமல் உள்ளே போகும். மைனருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. வளைத்த தகடுகளைப் பெட்டி பெட்டியாக ஒட்டி, அந்தப் பெட்டிகளையே முதுகெலும்பாக்கியிருக்கிறார்கள். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டி, முன் இருக்கைகளுக்குக் கீழே இருபக்கச் சில்லுக்கும் இடையே போகும் குறுக்குப் பெட்டி, பின் ஸ்பிரிங் கொழுவும் பிடிகள். இந்த மூன்றும் போனால் வெளியே எவ்வளவு பளபளத்தாலும் கார் செத்ததுதான். குறுக்குப் பெட்டியில் கூடுதல் ஆபத்து உண்டு. முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீண்ட முறுக்குக் கம்பிகளின் பின்முனை அதில்தான் பூட்டியிருக்கிறது. அதன் காது கறளில் பிய்ந்தால் காரின் அந்த மூலை அப்படியே கீழே போகும்.

இடப்பக்கச் சில்லைக் கிறைண்டரால் கீறித் திறந்தபோது உள்ளேயிருந்து மண் கொட்டியது. உரும்பிராயின் சிவந்த மண், நாற்பது வருடத்து ஒழுங்கைப் புழுதி. அதோடு கறள் தூளும். இரண்டும் ஒரே நிறம். பாஸ் ஒரு பிடி அள்ளி, காந்தத்தை அதற்குள் விட்டுத்தான் எது கார், எது தோட்டம் என்று பிரித்தார். அதற்கு அடியில் எண்பதுகளின் காகிதம், பசையோடு கல்லாகிப்போயிருந்தது. இரண்டு தகடு சேரும் விளிம்பு நனைந்து காய்ந்த புத்தகம்போல் ஏடு ஏடாக விரிந்திருந்தது. கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அந்த வீக்கமே தொழிற்சாலையில் வைத்த புள்ளி வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் தெறிக்க வைக்கிறது.

அடித்தளம் வேறு கதை சொன்னது. எஞ்சினுக்குக் கீழேயும் கியர்பொக்ஸ் பக்கத்திலும் மண்ணெண்ணெய்க் காலத்து அழுக்கைச் சுரண்டினால் தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருந்தது. அழகுக்குச் செய்த இடம் அழிந்திருந்தது, அழுக்கான இடம் தப்பியிருந்தது. உலகெங்கும் மைனர்காரர்கள் தங்கள் எஞ்சின் ஒழுகுவதைக் கறள் தடுப்பு என்று பகிடியாகச் சொல்வார்கள். பகிடி இல்லை.

இனி வெட்டும் வேலை. இங்கேதான் வீட்டில் திருத்துபவர்கள் காரை இழப்பது. சில்தான் முதுகெலும்பு என்றால், அதை அறுத்ததும் உடம்பு நடுவில் தொங்கும். தொங்கிய நிலையில் புதுச் சில்லை ஒட்டினால் கதவு இனி ஒருநாளும் பூட்டாது. ஆகவே அறுக்கும் முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்ட் பண்ணி விறைப்பாக்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அளந்து எழுதி வைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறு பக்கத்தில் கத்தி வைக்கலாம். பாஸ் அளவுகளைக் கொட்டில் சுவரிலேயே கரியால் எழுதினார். காஸ் வெல்டிங் மெல்லிய தகட்டைச் சூட்டில் நெளித்துவிடும் என்று மிக் மெஷினை வாடகைக்கு எடுத்தார்கள். அதிலும் ஒரே இழுவையாக இழுக்கக்கூடாது. இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி இடையில். தொழிற்சாலையின் புள்ளி வெல்டிங்குக்குப் பதிலாக மேல்தகட்டில் வரிசையாகத் துளையிட்டு, துளையை உருக்கி நிரப்பினார். பழைய தகட்டின் மேல் புதிதை வைத்து மூடுவதை அவர் ஒப்பவில்லை. இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் வாழும் என்பது அவர் வாதம். சரியான வாதம்.

புதுத் தகடு எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தக் காரின் பயணம் வேடிக்கையாகத் திரும்புகிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் 1970களில் மைனருக்கென்றே நிலையம் தொடங்கிய சார்ள்ஸ் வெயர், ஒழுங்காகப் பழுதுபார்த்தால் ஒரு காரைத் தலைமுறை தாண்டியும் வைத்திருக்கலாம், புதிது வாங்குவதைவிட அது இலாபம் என்று வாதாடி ஒரு புத்தகமே எழுதினார். ஏழைகளின் கார்ப் பழக்கத்தை ஒரு கொள்கையாக்கியவர் அவர். 1990களில் இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் தென்னிலங்கையில் மைனருக்கான தகடுகளைச் செய்விக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், இதே தீவின் தெற்கிலிருந்து மைனரின் தகடுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. இங்கிலாந்தின் கவுலித் தொழிற்சாலையில் பிறந்த கார்களுக்கு இலங்கைச் சுத்தியல். அண்ணா கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடித் திரிந்து சில் தகடுகள் எடுத்து வந்தார். யார் அடித்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. வளைவு மட்டும் சரியாகப் பொருந்தியது. குறுக்குப் பெட்டியின் முனைகளைப் பாஸ் தடித்த தகட்டில் தானே மடித்தார்.

வெல்டிங் முடிந்ததும் பூச்சுக்கு அவசரப்படுவது அடுத்த பிழை. யாழ்ப்பாணக் காற்றில் உரஞ்சிய இரும்பை ஓர் இரவு விட்டால் காலையில் செம்மஞ்சள் படர்ந்திருக்கும். காற்றில் வரும் உப்புத்தான் காரணம். உப்பு கலந்த ஈரம் மின்னோட்டத்தைக் கடத்தும், இரும்பின் கரைவை விரைவாக்கும். கறள் குழிகளுக்குள் அந்த உப்பு ஒளிந்திருந்தால் மேலே எந்தப் பூச்சும் நிற்காது, ஆகவே கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீரால் கழுவலாமா? பல இடங்களில் எங்கள் கிணறே உவர். அண்ணா மழைத்தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்துத்தான் கழுவினார். பிறகு பொஸ்போரிக் அமிலம். மிஞ்சிய கறளைக் கரைத்து, மீதியைச் சாம்பல் நிறப் பொஸ்பேற் படலமாக மாற்றும். அது காய்ந்த அன்றே எப்பொக்சி பிறைமர், அதன் மேல் எல்லா விளிம்புக்கும் பொருத்துப் பசை. வெல்டிங்குக்கு முன்பே மூடுப்படப்போகும் விளிம்புகளில் துத்தநாகப் பூச்சு அடித்திருந்தார்கள், பின்னால் அங்கே தூரிகை எட்டாது என்பதால்.

அடிக்குத் தார் பூசச் சொல்லி வந்தவர் போனவர் எல்லோரும் யோசனை சொன்னார்கள். தார் புதிதில் நல்லதுதான். காலம் போக விறைத்து வெடிக்கும். வெடிப்பால் புகுந்த தண்ணீர் தாருக்குப் பின்னால் ஒளிந்து தின்னும். கட்டலோய் செய்த வேலையையே பெரிய அளவில் செய்யும். அண்ணா தார் பூசவில்லை. மூடிய பெட்டிகளுக்குள் மெழுகு அடித்தார். தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் இல்லாத வேலை இது. சில்லின் உட்பக்கத்தில் சிறு துளைகள் போட்டு, நுனியில் சுற்றிவரத் தெளிக்கும் நீண்ட குழாயை விட்டு, அழுத்திக்கொண்டே பின்னுக்கு இழுக்க வேண்டும். பங்குனிச் சித்திரை வெயிலில் அடித்தால் மெழுகு இளகி விளிம்புகளுக்குள் தானாகவே ஊரும். கீழே தண்ணீர் வடியும் துளைகள் மூடுப்படாமல் கம்பியால் குத்திவிட வேண்டும். அதை மறந்து எல்லாவற்றையும் இறுக்கி அடைத்தால் சில் தொட்டியாகிவிடும். அடித்தளத்துக்கு, ஆட்டு உரோமக் கொழுப்பில் செய்த தடுப்பைப் பூசினார். காயாது, கையில் ஒட்டும், பார்க்க அசிங்கம். அதுதான் வேண்டும். ஒவ்வொரு மாரிக்கும் முன் மறுபடி பூசலாம்.

நிறத்தில் ஒரு சண்டை நடந்தது. பெரியம்மாவுக்குக் கலியாண வெள்ளை வேண்டும். அண்ணா டாஷ்போர்டுக்குப் பின்னால் மிஞ்சியிருந்த கிளாரண்டன் சாம்பலைக் கடைக்குக் கொண்டுபோய் நிறம் கலக்கினார். சேலைன் போத்தல் கொழுவிய கொக்கியை, தொழிற்சாலை இல்லாதது என்று கழற்றச் சொன்ன நண்பர்களும் உண்டு. காரை 1958க்குத் திருப்பிக் கொண்டுபோவதுதான் சிலருக்குப் புனரமைப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கவுலி தந்த பாகங்களைவிட அந்தக் கொக்கிக்கு இந்தக் காரில் உரிமை கூட. கொக்கி இருக்கிறது. இலக்கத்தகட்டின் தமிழ் ஸ்ரீயைப் படமெடுத்துக்கொண்டு, சட்டத்துக்கு அஞ்சி மேலே பூசிவிட்டார்கள்.

கார் இப்போது ஓடுகிறது. பெற்றோலில்தான். எஞ்சின் இன்னும் ஒழுகுகிறது, அதை நிறுத்த யாரும் முயலவில்லை. வலப்பக்கப் பின் ஸ்பிரிங்கின் பிடியைப் பாஸ் இன்னும் தொடவில்லை. ஸ்குரூ ட்றைவரைக் குத்திப் பார்த்து, இந்த மாரி தாங்கும், தைக்குப் பிறகு திறப்பம் என்றிருக்கிறார். குழாய்களும் மிஞ்சிய தகடும் கொட்டிலின் மூலையில் கிடக்கின்றன. சுவரில் கரியால் எழுதிய கதவு இடைவெளிகளை அழிக்க வேண்டாமென்று பெரியம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.